கப்பலின் மௌனமும் கரையின் ஊகமும்

1998 மார்ச் 24, விடிவதற்குச் சற்று முன். அரூபாவிலிருந்து கிளம்பிய ‘ராப்சடி ஆஃப் தி சீஸ்’ என்னும் சொகுசுக் கப்பல், கரீபியக் கடலில் குரசாவோ தீவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஐந்தேகாலுக்கும் ஐந்தரைக்கும் இடையே கண்விழித்த ஒரு தந்தை, அறையை ஒட்டிய பால்கனியில் மகள் சாய்வு நாற்காலியில் படுத்திருப்பதைப் பார்த்தார், மறுபடி தூங்கிப்போனார். ஆறு மணிக்கு எழுந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. மகளின் செருப்பு அங்கேயே கிடந்தது. சிகரெட்டும் லைட்டரும் இல்லை. அந்தப் பெண்ணின் பெயர் ஏமி லின் பிராட்லி. வயது 23. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தவர். கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர், உயிர்காப்பு நீச்சல் பயிற்சி பெற்றவர். பெற்றோருடனும் தம்பியுடனும் விடுமுறைக்காகக் கப்பல் ஏறியவர். அவரும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

இந்த வழக்கில் உறுதியாகத் தெரிந்தது ஏறக்குறைய இவ்வளவுதான். ஓர் அரைமணி நேர இடைவெளி. மற்றதெல்லாம் அந்த இடைவெளியின் மேல் பிறகு எழுப்பப்பட்டவை.

2025 ஜூலையில் நெட்ஃப்ளிக்ஸ் இவரைப் பற்றி மூன்று பகுதி ஆவணத்தொடரை வெளியிட்டதும், பழைய வழக்குக்குப் புதிய உயிர் வந்தது. தவறி விழுந்தார் என்கிறார்கள் சிலர். தானே குதித்தார் என்கிறார்கள் வேறு சிலர். யாரோ தள்ளிவிட்டார்கள், கடத்திப் பாலியல் தொழிலுக்கு விற்றுவிட்டார்கள், புதிய வாழ்க்கையைத் தேடி அவரே போய்விட்டார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கட்சி. அவர் எந்தச் சட்டை போட்டிருந்தார், முந்தைய இரவு யாருடன் ஆடினார், கப்பலின் புகைப்படக்காரர் எடுத்த அவருடைய படங்கள் காட்சிப் பலகையிலிருந்து எப்படி மறைந்தன என்று ஒவ்வொரு துணுக்கையும் எடுத்து, முன்பின் அறியாதவர்கள் கைபேசியின் முன் அமர்ந்து தீர்ப்பு எழுதுகிறார்கள். அவருடைய அந்தரங்க வாழ்க்கையும் அந்தத் தீர்ப்புக்குச் சாட்சியமாக இழுக்கப்படுகிறது.

கடத்தல் என்ற கட்சிக்குச் சில சாட்சிகள் உண்டு என்பதை மறுக்க முடியாது. 1998 ஆகஸ்டில் குரசாவோ கடற்கரையில், ஏமியின் உடலில் இருந்தது போன்ற பச்சை குத்திய ஒரு பெண்ணைப் பார்த்ததாகக் கனடா நாட்டுச் சுற்றுலாப் பயணி சொன்னார். 1999-இல் குரசாவோவின் விபசார விடுதி ஒன்றில், தன் பெயர் ஏமி பிராட்லி என்று சொல்லி உதவி கேட்ட பெண்ணைச் சந்தித்ததாக அமெரிக்கக் கடற்படை வீரர் ஒருவர் சொன்னார். ஆனால் அதை அவர் அப்போதே யாரிடமும் சொல்லவில்லை. 2005-இல் பார்படோஸ் தீவின் ஒரு கடையில் பார்த்ததாக இன்னொருவர். அதே ஆண்டு, இணையத்தில் கிடைத்த ஒரு பெண்ணின் படம் குடும்பத்துக்கு அனுப்பப்பட்டது. எஃப்பிஐ எல்லாவற்றையும் விசாரித்தது. எதுவும் ஏமியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. 2010-இல் சட்டப்படி அவர் இறந்தவராக அறிவிக்கப்பட்டார். ஆனாலும் தகவல் தருவோருக்கு 25,000 டாலர் வெகுமதி என்ற எஃப்பிஐ அறிவிப்பு நிலைத்திருக்கிறது.

கடத்தப்பட்டார் என்ற கதையே ஏன் மற்றவற்றை முந்திக்கொண்டு ஓடுகிறது என்று புரிந்துகொள்வது கடினமில்லை. கடலில் விழுந்தார் என்றால் அந்தக் காலையோடு எல்லாம் முடிந்துவிட்டது. கடத்தப்பட்டார் என்றால் எங்கோ ஓர் ஊரில் இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறார். பெற்ற வயிறு இரண்டாவதைத்தான் பிடித்துக்கொள்ளும். அந்தப் பெற்றோர் அப்படி நம்புவதைக் கேள்வி கேட்க உலகில் எவருக்கும் உரிமை இல்லை. உடலைப் பார்க்காமல், ஒரு பிடி மண் போடாமல், இறந்துவிட்டாள் என்று முடிவுகட்டும்படி ஒரு தாயிடம் யார் போய்ச் சொல்வது? ஆனால் தாயின் நம்பிக்கையை எடுத்துக்கொண்டு, அதில் வில்லன்களை நட்டு, ஊர்பேர் தெரியாத மனிதர்களைக் குற்றவாளியாக்குவது வேறு காரியம். அந்தக் காரியத்தைப் பற்றித்தான் எனக்குக் கோபம்.

நம்பிக்கையைக் காசாக்கியவரையும் இந்த வழக்கு பார்த்திருக்கிறது. அமெரிக்கச் சிறப்புப் படையின் முன்னாள் அதிகாரி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவர் அந்தக் குடும்பத்தை அணுகினார். குரசாவோவில் ஆயுதம் தாங்கிய ஆட்களின் காவலில் ஏமி இருக்கிறார், என் ஆட்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள், மீட்டுவருகிறோம் என்றார். குடும்பத்திடமிருந்தும், காணாமல்போனோரைத் தேட உதவும் ஓர் அமைப்பிடமிருந்தும் 2 லட்சம் டாலருக்கு மேல் கறந்தார். எல்லாம் பொய். 2002-இல் அவர் நீதிமன்றத்தில் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. இப்போது மர்மக் கதை சொல்லிப் பார்வைகளைக் கூட்டுகிறவர்கள் சட்டத்தின் கண்ணில் மோசடிக்காரர்கள் இல்லைதான். ஆனால் இருவர் கையிலும் இருக்கும் சரக்கு ஒன்றே: அந்தப் பெற்றோரின் நம்பிக்கை.

முந்தைய இரவு கப்பலின் நடனக் கூடத்தில் ஏமியுடன் ஆடிய இசைக்குழுக் கலைஞர் ஒருவர் இருந்தார். கரீபியத் தீவு ஒன்றைச் சேர்ந்தவர். அவரை எஃப்பிஐ விசாரித்தது. அவர் மீது எந்த வழக்கும் பதிவாகவில்லை. அதன் பிறகும் அவர் பெயர், அவர் முகம், அவர் குடும்பத்தார் எல்லாம் ஊகத் தொழிற்சாலைக்கு மூலப்பொருளாகத் தொடர்கின்றன. குற்றமற்றவர் என்று எந்த நீதிமன்றமும் அவருக்குச் சான்றிதழ் தரப்போவதில்லை. வழக்கே இல்லாதவருக்கு விடுதலைத் தீர்ப்பு எப்படிக் கிடைக்கும்? அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. தேடினால் ஒரு நொடியில் கிடைத்துவிடும் என்பதே அவருக்கு நேர்ந்த தண்டனை.

அதே கடலில், அதே அரூபாவில், 2005 மே மாத இறுதியில் 18 வயது அமெரிக்க மாணவி ஒருவர் காணாமல் போனார். அவரைக் கடைசியாகக் காரில் அழைத்துப்போன இளைஞர்கள், விடுதி வாசலில் இறக்கிவிட்டோம், அங்கே ஒரு காவலாளி அவரிடம் வந்தார் என்று கதை சொன்னார்கள். உடனே கறுப்பினத்தைச் சேர்ந்த இரண்டு முன்னாள் விடுதிக் காவலாளிகள் கைதானார்கள். உலகத் தொலைக்காட்சிகள் முழுதும் அவர்கள் முகம். சில நாள்களில் அவர்கள் மீது ஒன்றும் இல்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். கதை சொன்ன இளைஞர்களில் ஒருவன்தான் கொன்றவன் என்பது, 2023 அக்டோபரில் அமெரிக்க நீதிமன்ற வழக்கு ஒன்றின் வழியே அவன் வாயாலேயே வெளிவந்தது. இடையில் 18 ஆண்டுகள். முதல் ஊகம் எங்கே போய் விழுந்தது என்று பாருங்கள்: சம்பளத்துக்குக் கதவருகே நின்ற இரண்டு கறுப்பு மனிதர்கள் மேல்.

கடலை விட்டு விலகினாலும் இதே கதைதான். 2013-இல் லாஸ் ஏஞ்சலீஸின் சிசில் விடுதியில் ஒரு கனடிய மாணவி காணாமல்போனபோது, மின்தூக்கியில் பதிவான அவருடைய காணொளியைக் காவல்துறை வெளியிட்டது. அதை வைத்து இணையத் துப்பறிவாளர்கள் மெக்சிகோ இசைக்கலைஞர் ஒருவரைக் கொலைகாரர் என்று முடிவுசெய்தார்கள். அவர் அந்த விடுதியில் தங்கியது அதற்கு ஓராண்டுக்கு முன்னர். மாணவியின் மரணம் விபத்து என்று பிரேதப் பரிசோதனை முடிவு வந்தது. அந்த இசைக்கலைஞரோ அவதூறு தாங்காமல் தற்கொலைக்கு முயலும் அளவுக்கு உடைந்துபோனார். அதே 2013-இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு, காணாமல்போயிருந்த இந்திய வம்சாவளி மாணவர் ஒருவரை இணையம் பயங்கரவாதி என்றது. மகனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்தின் மேல் அத்தனை வசையும் பொழிந்தது. சில நாள்களில் அவர் உடல் ஆற்றில் கிடைத்தது. குண்டுவெடிப்புக்கு முன்பே அவர் இறந்திருந்தார்.

கப்பல் விஷயத்தில் இந்த ஊகங்கள் எப்போதும் ஒரே திசையில் சாய்வதைக் கவனித்திருக்கிறேன். சந்தேகம் முதலில் போய் உட்காருவது பணியாளர்கள் மேல். மது பரிமாறுபவர், அறையைத் துடைப்பவர், இசை வாசிப்பவர். இந்தக் கப்பல்களின் அடித்தளங்களில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா, கரீபியத் தீவுகள் போன்ற இடங்களிலிருந்து வந்தவர்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையருகே பாறையில் மோதிக் கவிழ்ந்த கோஸ்டா கான்கார்டியாவில் 32 பேர் இறந்தார்கள். அவர்களில் மும்பையைச் சேர்ந்த ஓர் இளைஞர், உணவுக்கூடப் பணியாளர், மற்றவர்கள் தப்ப உதவியபடி நின்றவர். அவருடைய எச்சங்கள் ஏறத்தாழ மூன்றாண்டுகள் கழித்து, 2014 நவம்பரில், கடைசியாகக் கிடைத்தன. பணியாளர் என்றாலே சந்தேகப் பட்டியலில் முதல் வரி என்று நினைப்பவர்கள் அவரையும் நினைக்கவேண்டும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஊகிப்பவர்களைத் திட்டி முடித்துக்கொள்வது எளிது. ஆனால் அது பாதி உண்மைதான். ஊகம் முளைக்க வெற்றிடம் வேண்டும். அந்த வெற்றிடத்தை உண்டாக்கியது யார்? ஏமியைக் காணவில்லை என்று தெரிந்ததும் குடும்பத்தார் கப்பல் நிர்வாகத்திடம் ஓடினார்கள். கரையில் இறங்குபாலத்தை இறக்காதீர்கள், முதலில் எல்லோரையும் நிறுத்தித் தேடுங்கள் என்று மன்றாடினார்கள். இறங்குபாலம் இறக்கப்பட்டது. இவ்வளவு காலையில் பயணிகளைத் தொந்தரவு செய்ய முடியாது என்பதால், அவரை அழைக்கும் ஒலிபெருக்கி அறிவிப்பே ஏழு மணி ஐம்பது நிமிடத்துக்குத்தான் வந்தது. ஏறத்தாழ 2,000 பயணிகள் கொண்ட அந்தக் கப்பலிலிருந்து அதற்குள் பெரும்பாலோர் இறங்கி ஊர் சுற்றப் போய்விட்டார்கள். சாட்சிகளும் போனார்கள். குற்றம் நடந்திருந்தால் குற்றவாளியும் போயிருப்பார். கடத்தலா இல்லையா என்ற கேள்விக்கு அந்த ஒரு காலை நேரத்தில் விடை கிடைத்திருக்கும். அன்று அடைத்திருக்க வேண்டிய கதவு அது. திறந்துவிட்டதால்தான் அதன் வழியே இத்தனை ஆண்டுகளாக எல்லாக் கதைகளும் நுழைகின்றன.

கடலில் ஒருவர் விழுந்தால் நிமிடங்களுக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 நாட் வேகத்தில் போகும் கப்பல் மணிக்கு 37 கிலோமீட்டர் கடக்கும். ஒரு நிமிடத்தில் 600 மீட்டருக்கு மேல். அரைமணி நேரம் யாரும் கவனிக்கவில்லை என்றால், விழுந்தவருக்கும் கப்பலுக்கும் நடுவே 18 கிலோமீட்டர் தண்ணீர். நீரோட்டமும் காற்றும் அவரை வேறு பக்கம் இழுக்கும்; தேடவேண்டிய பரப்பு மணிக்கு மணி பெருகும். அதற்காக நம்பிக்கையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2022 நவம்பரில் மெக்சிகோ வளைகுடாவில் ‘கார்னிவல் வேலர்’ கப்பலிலிருந்து விழுந்த இளைஞர் பதினைந்து மணி நேரத்துக்கும் மேல் தண்ணீரில் தாக்குப்பிடித்து, உயிரோடு மீட்கப்பட்டார். அவர் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. மறுநாள்தான் காணவில்லை என்று கடலோரக் காவல்படைக்குத் தகவல் போனது. விழுந்த கணத்தில் ஒரு மணி அடித்திருந்தால் அத்தனை மணி நேரம் அவர் கடலோடு போராடியிருக்க வேண்டாம்.

மௌனத்துக்கு ஏமியின் வழக்கைவிடக் கொடிய சான்று ஒன்று உண்டு. 2004 ஆகஸ்டில் அலாஸ்கா போன ‘மெர்க்குரி’ என்ற கப்பலில் தனியாகப் பயணித்த 40 வயதுப் பெண் ஒருவர் தன் அறைக்குத் திரும்பவில்லை. படுக்கை கலையாமல் இருப்பதைப் பார்த்த அறைப் பணியாளர் மேலாளரிடம் சொன்னார். உன் வேலையைப் பார் என்று பதில் வந்தது. பயணம் முடிந்தது. அவருடைய உடைமைகளைப் பெட்டியில் போட்டார்கள். பயணி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. காவல்துறைக்குத் தகவல் போக வாரக்கணக்கானது. கப்பலில் ஏறினார், இறங்கவில்லை என்பதைக்கூடத் தந்தை கெண்டல் கார்வர் தானே தேடி அலைந்து கண்டறிய வேண்டியிருந்தது. இந்தக் கதையில் மனசாட்சியோடு நடந்துகொண்ட ஒரே ஆள் யார்? ஊகிப்பவர்கள் முதலில் சந்தேகிக்கும் அந்த அறைப் பணியாளர்தான்.

2011 மார்ச் 22-இல் மெக்சிகோவின் பசிபிக் கரையோரம் ‘டிஸ்னி வொண்டர்’ கப்பலில் 24 வயது ஆங்கிலேயப் பெண் ஊழியர் ஒருவர் மறைந்தார். குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளும் பணி அவருக்கு. அதிகாலை ஐந்தே முக்காலுக்குக் கப்பலின் உள்தொலைபேசியில் பேசியதைக் கேமரா பதிவு செய்திருந்தது. அதன்பின் அவரைக் காணவில்லை. காணாமல்போனவர் பிரிட்டன்காரர். நிறுவனம் அமெரிக்கருடையது. கப்பல் கிளம்பியது லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து. விசாரிக்க வந்ததோ பஹாமாஸ் நாட்டுக் காவல் அதிகாரி, அதுவும் ஒரே ஒருவர். காரணம், கப்பலில் பறந்தது பஹாமாஸ் கொடி. ஆழ்கடலில் கப்பல் எந்த நாட்டுக் கொடியை ஏற்றியிருக்கிறதோ அந்த நாட்டின் சட்டமே செல்லும் என்பது ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 92-ஆவது பிரிவு. சில ஆயிரம் பேர் இருந்த ஒரு மிதக்கும் நகரத்துக்கு ஒற்றைக் காவலர். சில நாள்களில் அவர் வேலையை முடித்துக்கொண்டார். பேரலை அடித்துக்கொண்டு போயிருக்கலாம் என்பது கப்பல் நிறுவனத்தின் முடிவு. அவருடைய பெற்றோர் அதை ஏற்கவில்லை. யார்தான் ஏற்பார்கள்?

கொடி விஷயம் தற்செயல் இல்லை. பஹாமாஸ், பனாமா, மால்டா போன்ற நாடுகளில் பதிவுசெய்தால் வரி குறைவு, தொழிலாளர் விதிகள் தளர்வு. மயாமியில் தலைமையகம் வைத்திருக்கும் ராயல் கரீபியன் நிறுவனம் சட்டப்படி லைபீரியாவில் பதிவானது. டிக்கெட் வாங்கும்போது நாம் படிக்காமல் சம்மதிக்கும் நிபந்தனைகள் இன்னொரு பூட்டு. இந்த ஊர் நீதிமன்றத்தில் மட்டுமே வழக்குப் போடலாம், இத்தனை மாதத்துக்குள் அறிவிப்பு தரவேண்டும், ஓராண்டுக்குள் வழக்குத் தொடரவேண்டும் என்று பொடி எழுத்தில் இருக்கும். வாஷிங்டன் மாநிலத்துத் தம்பதி ஒன்று, கப்பலில் வழுக்கி விழுந்து காயம்பட்டதற்காகத் தங்கள் ஊரில் வழக்குப் போட்டபோது, டிக்கெட்டில் உள்ளபடி நாட்டின் மறுகோடியில் இருக்கும் ஃபுளோரிடாவுக்குத்தான் போகவேண்டும் என்று 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கும் இதே விதிதான்.

அதைத் தாண்டி வழக்குப் போனாலும், 1920-இல் இயற்றப்பட்ட ஓர் அமெரிக்கச் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஆழ்கடலில் இறந்தவருக்காகக் குடும்பம் கேட்கக்கூடிய இழப்பீடு, அவருடைய வருமான இழப்பு போன்ற பண நஷ்டத்தோடு முடிந்துவிடும். துயரத்துக்கும் பிரிவுக்கும் காசு கிடையாது. வருமானமில்லாத முதியவரோ குழந்தையோ இறந்தால் குடும்பத்துக்குச் சொல்லும்படியாக எதுவும் கிடைக்காது. 1996-இல் ஒரு பெரிய விமானம் அட்லாண்டிக்கில் விழுந்தபின், 2000-இல் விமானப் பயணிகளுக்கு மட்டும் அந்தச் சட்டம் தளர்த்தப்பட்டது. கப்பல் பயணிகள் விடுபட்டார்கள். மலிவான மரணங்களைத் தடுக்க எந்த நிறுவனம் கோடிகளைச் செலவிடும்?

மாற்றம் வந்ததும் உண்மை. அது எப்படி வந்தது என்பதில்தான் ஊகக் கூட்டத்துக்குப் பாடம் இருக்கிறது. கார்வர் 2006-இல் கப்பல் குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஒரு பன்னாட்டு அமைப்பைத் தொடங்கினார். குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து ஆவணங்களைத் திரட்டின. அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்களின் முன் போய் உட்கார்ந்தன. செனட்டர் ஜான் கெரியும் கீழவை உறுப்பினர் டோரிஸ் மட்சுயியும் மசோதாவை முன்னெடுத்தார்கள். 2010 ஜூலையில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார். அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களில் கைப்பிடிக் கிராதி குறைந்தது 42 அங்குல உயரம் இருக்கவேண்டும், அறைக்கதவில் வெளியே பார்க்கும் துளை வேண்டும், அமெரிக்கர் ஒருவர் காணாமல்போனால் எஃப்பிஐக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று விதிகள் வந்தன. யார் குற்றவாளி என்று யாரும் ஊகிக்காமலே இவ்வளவும் கிடைத்தன.

அந்தச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டையும் விட்டார்கள். கடலில் விழுபவரைப் படம்பிடிக்கும் கருவியோ, கண்டறியும் கருவியோ, கிடைக்கும் அளவுக்குப் பொருத்தினால் போதும் என்றது சட்டம். படம்பிடிக்கச் சாதாரணக் கேமரா போதுமே! விழுந்தபின் பல மணி நேரம் கழித்துப் பதிவைப் புரட்டிப் பார்ப்பதற்கும், விழுந்த நொடியில் மாலுமி அறையில் எச்சரிக்கை ஒலிப்பதற்கும் உள்ள வேறுபாடு உயிர். வெப்பக் கேமரா, ரேடார் இரண்டையும் இணைத்து உடனடியாக எச்சரிக்கும் அமைப்புகள் இருக்கின்றன. அவற்றுக்கான பன்னாட்டுத் தர நிர்ணயமே 2020-இல் வந்துவிட்டது. பறவையையும் அலைத்திவலையையும் பார்த்துப் பொய்யாக ஒலிக்கிறது என்று நிறுவனங்கள் பல காலம் தயங்கின. கப்பல் தொழில்துறை தானே தொகுத்த கணக்கின்படி 2009 முதல் 2019 வரை கடலில் விழுந்த சம்பவங்கள் 212. உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 48 பேர். இந்த எண்களைப் பார்த்தபிறகும் கருவி கட்டாயமில்லை என்று விடுவதை எப்படி நியாயப்படுத்துவது?

மக்கள் பேசுவதால்தான் வழக்குகள் மறக்கப்படாமல் இருக்கின்றன என்று ஒரு வாதம் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஒரு படத்தைப் பகிர்வது, ஒரு எஃப்பிஐ அறிவிப்பைப் பரப்புவது, பார்த்ததை உரிய அதிகாரியிடம் சொல்வது எல்லாம் உதவிதான். அந்தக் கடற்படை வீரர் சொன்னது உண்மை என்றால், மறுநாளே சொல்லியிருந்தால் ஏதாவது நடந்திருக்கலாம். ஆனால் நான் பார்க்கும் பெரும்பாலான காணொளிகள் இவற்றைச் செய்வதில்லை. கண்டறியும் கருவி ஏன் இல்லை என்று அவை கேட்பதில்லை. இறங்குபாலத்தை ஏன் இறக்கினார்கள் என்ற கேள்வியை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகின்றன. இசைக்கலைஞரின் கண்களில் ‘ஏதோ தெரிகிறது’ என்பதற்குப் பத்து நிமிடம். நிறுவனங்களுக்கு இதைவிட வசதியான ரசிகர் கூட்டம் கிடைக்காது.

பதிவும் கருவியும் இருந்தால் நிலைமை எப்படி மாறும் என்பதற்கு நமக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. 2023 ஜூலை 31 அன்று, பினாங்கிலிருந்து சிங்கப்பூர் திரும்பிக்கொண்டிருந்த ‘ஸ்பெக்ட்ரம் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் 64 வயது இந்தியப் பெண்மணி ஒருவரைக் காணவில்லை. சிங்கப்பூர் நீரிணையில் ஏதோ விழுந்ததைக் கப்பலின் கண்டறியும் அமைப்பு காட்டியிருந்தது. அவர் விழவில்லை, கப்பலிலேயே எங்காவது இருப்பார் என்று முதலில் குடும்பம் நம்பியது. காணொளிப் பதிவைக் காட்டுங்கள் என்று மகன் பிரதமர் அலுவலகம் வரை முறையிட்டார். இந்தியத் தூதரகத்தின் உதவியோடு பதிவைப் பார்த்தபின், அம்மா இறந்துவிட்டார் என்பதைக் குடும்பம் ஏற்றுக்கொண்டது. ஓரிரு நாள்களில் இது நடந்தது. கொடுமையான விடைதான். ஆனாலும் விடை. இருபது ஆண்டுகள் அந்நியர்கள் வந்து அந்தக் குடும்பத்தின் காயத்தைக் கிளற வழியில்லாமல் போனது.

இனி நம் கரை. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் சுற்றுலாவை முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். அன்று புறப்பட்ட ‘எம்ப்ரஸ்’ கப்பல் முன்பு ராயல் கரீபியனிடம் இருந்ததுதான். மறு ஆண்டே சென்னையிலிருந்து இலங்கைக்கு, காங்கேசன்துறை வரை கப்பல் போனது. 2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு ‘குரூஸ் பாரத்’ திட்டத்தை அறிவித்தது. 2029-க்குள் கப்பல் சுற்றுலாப் பயணிகளை இரட்டிப்பாக்குவது அதன் இலக்கு. துறைமுக முனையங்கள், சலுகைகள், விளம்பரங்கள் பற்றிப் பேசுகிறோம். நடுக்கடலில் ஒரு தமிழ்ப் பயணி காணாமல்போனால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கவேண்டும் என்று பேசுவதைக் காணோம். இந்தியாவில் பதிவான கப்பலில் குற்றம் நடந்தால், அது எந்தக் கடலில் இருந்தாலும் நம் குற்றவியல் சட்டம் செல்லும். வெளிநாட்டுக் கொடியோடு நம் துறைமுகத்தில் வந்து ஆள் ஏற்றும் கப்பல்களில், ஆழ்கடலில் அந்தக் காவல் முழுதாகக் கிடைக்காது.

அமெரிக்கா 2010-இல் செய்ததை நாம் இன்னும் சரியாகச் செய்யலாம். அதன் ஓட்டை எங்கே என்று நமக்குத் தெரியும். இந்தியத் துறைமுகத்தில் பயணியை ஏற்றும் எந்தக் கப்பலும், எந்தக் கொடி பறந்தாலும், விழுந்த நொடியில் எச்சரிக்கும் கருவியைப் பொருத்தியிருக்க வேண்டும். வெறும் கேமரா போதாது. ஒருவரைக் காணவில்லை என்று குடும்பம் சொன்ன கணத்திலிருந்து இந்தியக் கடலோரக் காவல்படைக்குத் தகவல் போகவேண்டும். முழுத் தேடல் முடியும்வரை இறங்குபாலம் இறங்கக்கூடாது. பதிவுகளை அழிக்காமல் வைத்து, குடும்பத்துக்கும் காவல்துறைக்கும் காட்டுவது சட்டக் கடமையாக வேண்டும். எந்த நாட்டு நீதிமன்றத்தில், எத்தனை மாதத்துக்குள் வழக்குத் தொடரலாம் என்பதைப் பயணச்சீட்டின் முதல் பக்கத்தில், படிக்கும் அளவு எழுத்தில், தமிழிலும் அச்சிட வேண்டும். 2025-இல் நாடாளுமன்றம் புதிய வணிகக் கப்பல் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. அதன்கீழ் விதிகளை வகுக்கும் அதிகாரிகளிடமும், கப்பல் சுற்றுலாவுக்குக் கொடியசைக்கும் மாநில அரசிடமும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இவற்றைக் கேட்கவேண்டும், சென்னையிலிருந்து அடுத்த கப்பல் கிளம்பும் முன்பே.